கோபுரம் தெரியணுமா? மொட்டை மாடிக்கு வாங்க!

*விதி இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, ஆணையம் இருக்கிறது. அப்புறமும் நம் ஊர்கள் ஏன் இப்படி ஆயின?*

மதுரை, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. மாலை ஆறரை மணி. லாட்ஜ் ஒன்றின் லிஃப்ட் கடைசி மாடியில் நிற்கிறது. அங்கிருந்து சில படிகள் ஏறினால் மொட்டை மாடி உணவகம். கைப்பிடிச் சுவரை ஒட்டிய மேசைக்குத்தான் கிராக்கி. வெளியூர்க் குடும்பம் ஒன்று அதற்காகவே காத்திருந்து உட்காருகிறது. பரிமாறுகிறவர் மெனு கார்டை நீட்டுவதற்கு முன்பே விரலை நீட்டிவிடுகிறார். "கிட்டத்துல தெரியுறது மேற்கு கோபுரம் சார். அந்தப் பக்கம் தெற்கு கோபுரம், அதுதான் எல்லாத்துலயும் உசரம்." விளக்குகள் எரியத் தொடங்க, கைபேசிகள் உயர்கின்றன.

படத்துக்குள் வந்துவிடாமல் ஒதுக்க வேண்டியவை நிறைய. கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிகள், செல்போன் டவர்கள், மாடிக்கு மேல் மாடியாகப் போட்ட நீலத் தகரக் கொட்டகைகள், ஜெனரேட்டர் புகைக்குழாய்கள், விளம்பரப் பலகைகளின் துருப்பிடித்த முதுகு. அவற்றுக்கு நடுவே கோபுரங்கள் தலையை மட்டும் காட்டுகின்றன. சாப்பிட்டு முடித்து அதே குடும்பம் கீழே இறங்கி மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடக்கும்போது அந்தத் தலையும் தெரியாது. வழி கேட்டுத்தான் போக வேண்டும்.

தெருவில் போகிற எவருக்கும் சும்மா கிடைத்த காட்சி இப்போது மசால் தோசையோடு சேர்ந்து விலைக்கு வருகிறது. விற்கிறவரைத் திட்டுவது சுலபம். அவருக்கு அந்த வியாபாரத்தை உண்டாக்கிக் கொடுத்தது யார்?

ஊர் அசிங்கமாகிவிட்டது என்று யாராவது சொன்னால், "அது அவரவர் ரசனை" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். பச்சைப் பெயின்ட் அடித்த வீடு ஒருவருக்குப் பிடிக்கும், இன்னொருவருக்குக் கண் கூசும். அந்தப் பஞ்சாயத்துக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. பொதுவில் இருந்த வெளிச்சம், காற்று, நடைபாதை, கண்ணுக்கெட்டும் தூரம் இவற்றையெல்லாம் யார் எடுத்துக்கொண்டார்கள், எடுத்துக்கொள்ளச் சொல்லி ரசீது போட்டுக் கொடுத்தது யார் என்பதுதான் நம் கேள்வி.

மாதங்களின் பெயரில் தெருக்கள்

திட்டமிடல் மேல்நாட்டிலிருந்து வந்தது என்று நினைப்பவர்கள் மதுரை வரைபடத்தை ஒருமுறை பார்க்கலாம். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். வெளி வீதி தவிர மற்றவற்றுக்கு, ஒரு காலத்தில் எந்த மாதத்து விழாவில் சாமி எந்த வீதியில் வந்ததோ அந்தப் பெயர். தேர் திரும்ப எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு அகலம் தேரோடும் வீதிக்கு. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோதும் இந்த ஒழுங்கு குலையவில்லை. ஊர் வெளியே விரிந்தது, வெளி வீதிகள் பிறந்தன. அந்த வேலையைப் பார்த்த பெருமாள் மேஸ்திரி, மாரெட் ஆகியோரின் பெயர்கள் இன்றும் தெருப் பெயர்களாக இருக்கின்றன.

1997இல் அரசு ஓர் ஆணை போட்டது. கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் எழக்கூடாது. ஒன்பது மீட்டர் என்றால் முப்பது அடிகூட இல்லை. தெற்குக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 160 அடி. விதியை எழுதியவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த வட்டத்துக்குள் இன்று நடந்துபோய்ப் பாருங்கள், நான்கு ஐந்து மாடிகளை எண்ணிக்கொண்டே போகலாம். சில 1997க்கு முன்பே நின்றவை. மற்றவை எப்படி எழுந்தன என்று கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குகள் நடந்திருக்கின்றன. மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. கட்டடங்கள் நிற்கின்றன.

இங்கே போனது வெறும் அழகு என்று நான் நினைக்கவில்லை. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்ற வழக்கை நாம் பக்தியாக மட்டும் பார்க்கிறோம். 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடக்கும்வரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைய முடியாமல் ஒரு பெருங்கூட்டம் வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. அவர்களுக்கு வாய்த்தது தெருவிலிருந்து தெரிந்த கோபுரம் மட்டும்தான். சாதித் தடையால்கூட மறைக்க முடியாத அந்த ஒன்றை நாலு மாடி லாட்ஜ் மறைத்துவிட்டது.

> பெட்டிச் செய்தி: எம்டன் மூழ்கடித்த கண்காட்சி
>
> நகரமைப்பு என்பதை ஒரு கலையாகப் பேசிய ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கெடிஸ். 1914இல் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் தன் நகரக் கண்காட்சியோடு கிளம்பினார். அவர் பத்திரமாக வந்துசேர்ந்தார். கண்காட்சிப் பொருட்கள் வந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பலான நம்ம எம்டன் மூழ்கடித்துவிட்டது. மனிதர் சளைக்கவில்லை. புதிதாகச் சேகரித்து 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி வைத்தார். மாகாணத்தின் ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதினார்.
>
> தஞ்சாவூர்க் கோட்டைக்குள் வீடுகளை இடித்து நேர்கோட்டுத் தெருக்கள் போட அதிகாரிகள் போட்டிருந்த திட்டத்தை மறுத்து, எது கெட்டிருக்கிறதோ அதை மட்டும் வெட்டிச் சரிசெய்தால் செலவும் குறையும், ஊரும் பிழைக்கும் என்றார்.
>
> 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் பிள்ளைதான் தியாகராய நகர். ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து அந்த நகரை எழுப்பினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு பிளான்

கட்டடத் தொழிலில் இருப்பவர்களிடம் கொஞ்சம் நெருங்கிப் பேசினால், ஒரு பிளான் அப்ரூவலுக்கு, ஒரு பிளான் கட்டுவதற்கு என்பதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். முதல் பிளானில் பக்கவாட்டில் இடம் விட்டிருக்கும். இரண்டாவதில் அந்த இடத்தில் பாத்ரூம் இருக்கும். இதற்கு டீவியேஷன் என்று பெயர். கேட்டால், பின்னால் வரன்முறைப்படுத்திக் கொள்ளலாம் என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை.

நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. 1998இல் அதில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். 1999 பிப்ரவரி 28க்குள் விதி மீறிக் கட்டி முடித்தவர்கள் பணம் கட்டி மன்னிப்புப் பெறலாம். ஒரே ஒரு தடவை என்றார்கள். ஒரு தடவைக்கான ஏற்பாடு என்பதால்தான் உச்ச நீதிமன்றமும் 2000இல் அதை ஏற்றது. அதே தீர்ப்பில், தனித்தனிக் கட்டடங்களுக்கு அரசு வாரி வழங்கியிருந்த விலக்கு ஆணைகளை ரத்து செய்தது. அரசு என்ன செய்தது? 2000, 2001, 2002 என்று கெடுவை நீட்டிக்கொண்டே போனது. 2006இல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகள் செல்லாது என்றது. சீல் வைப்பும் இடிப்பும் தொடங்கும் என்ற நிலை வந்ததும் 2007இல் அவசரச் சட்டம் வந்து தடுத்தது. 2012இல் 113-சி. இம்முறை 2007 ஜூலை 1 வரை கட்டியவர்களுக்கு.

இதில் கட்சி வித்தியாசம் பார்க்க முடியாது. யார் ஆண்டாலும் கெடு நீண்டது.

வீட்டுமனைகளும் இப்படித்தான். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டதும் மாநிலமே ஸ்தம்பித்தது. ஸ்தம்பித்ததிலிருந்தே தெரிந்தது, அதுவரை விற்றுக்கொண்டிருந்தவை எப்படிப்பட்ட மனைகள் என்று. பம்பு செட்டைப் பிடுங்கி, கல் நட்டு, கலர்க் கொடி கட்டி விற்ற வயல்களில் பூங்காவுக்கு இடம் இல்லை, பள்ளிக்கு இடம் இல்லை, தெரு இருபது அடி. 2017இல் அதற்கும் வரன்முறை விதிகள் வந்தன. பணம் கட்டினால் மனைக்கு அங்கீகாரம் கிடைக்கும். இருபது அடித் தெரு முப்பது அடியாகாது.

ஒரு சாதாரண மனிதர் இந்த வரலாற்றிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்? விதிப்படி கட்டியவர் நான்கடி இடத்தை இழந்தார். மீறியவர் அபராதம் கட்டிவிட்டு வாடகை வாங்குகிறார். அடுத்து கட்டப்போகிறவர் யாரைப் பார்த்துக் கட்டுவார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

ஐந்து மாடி கிளப்பிய நெருப்பு

விலக்கு ஆணை என்பது எத்தனை தூரம் போகும் என்பதற்குக் கொடைக்கானலைப் பார்க்க வேண்டும். இரண்டு தளங்களுக்கு மேல் கூடாது என்றிருந்த மலையில் ஒரு ஓட்டல் ஏழு தளம் எழுந்தது. மலை விளிம்பில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினர் நீதிமன்றம் போனார்கள். அரசு 1994இல் அந்தக் கட்டடத்துக்கு விதிவிலக்கு கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து கூடுதல் தளங்களை இடிக்கச் சொன்னது. ஆட்சி மாறிய பிறகு, அந்த விலக்கைக் கொடுத்ததற்காக முன்னாள் முதல்வர் ஜெயலலிதா உள்ளிட்டோர் மீது வழக்கு. 2000 பிப்ரவரி 2 அன்று விசாரணை நீதிமன்றம் தண்டனை அறிவித்தது. அன்றைய கலவரத்தில்தான் தருமபுரியில் கல்லூரிப் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் இறந்தார்கள். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது.

தருமபுரி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதன் வேர் ஒரு ஓட்டலின் ஐந்து கூடுதல் மாடிகள் என்பதை மறந்துவிட்டோம்.

தெரு உயர்ந்தது, திண்ணை புதைந்தது

பெரிய கட்டடங்களை விடுங்கள். உங்கள் தெருவுக்கு வருவோம்.

தார்ச் சாலை போடுகிறார்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்பது விதி. சுரண்டுவதற்கு மெஷின், நேரம், செலவு. அதனால் பழையதன் மேலேயே அரை அடி. அடுத்த தேர்தலுக்கு முன் இன்னொரு அரை அடி. சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட வேண்டியிருந்தது. பத்திருபது வருஷத்தில் தெரு வாசற்படிக்கு மேலே போய்விடுகிறது. ஒரு காலத்தில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்த திண்ணையில் இப்போது மழைத்தண்ணீர் உட்காருகிறது. வசதியுள்ளவர்கள் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். சென்னையில் அது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

பக்கத்து மனைக்காரர் புதிதாகக் கட்டுகிறார். அவர் புத்திசாலி. எதிர்காலத்துத் தாரையும் கணக்கில் வைத்து நாலடி உயரத்தில் தரை போடுகிறார். அவர் வீட்டுத் தண்ணீர் இனி பழைய வீட்டுக்குள் போகும். நாலடி உயரத்துக்கு வண்டி ஏற வேண்டுமே, அதற்குச் சறுக்குமேடை. அது அவர் மனைக்குள் ஆரம்பித்தால் அவர் இடம் போகும். எனவே நடைபாதையில் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சறுக்குமேடை, ஒவ்வொன்றும் ஒரு சாய்வு. கைத்தடியோடு வருகிற பாட்டி நடைபாதையை விட்டுத் தெருவில் இறங்குகிறார். பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கிறது.

இந்தச் சங்கிலியில் யாரும் கெட்டவர் இல்லை, சுரண்டும் செலவை மிச்சம் பிடித்த ஒப்பந்ததாரரைத் தவிர. எல்லோரும் அவரவர் வீட்டுக்குச் சரியானதைத்தான் செய்தார்கள். தெருவுக்காகச் செய்ய ஆள் இல்லை.

விதிகளே அசிங்கத்தை உண்டாக்குவதும் உண்டு. வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வண்டி நிறுத்த இடம் விடச் சொல்கிறது கட்டட விதி. நியாயம்தான். ஆனால் சிறிய மனையில் அதைச் செய்ய ஒரே வழி, தரைத்தளம் முழுவதையும் தூண்களாக்கி வண்டிகளுக்குக் கொடுப்பது. விளைவு, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் இல்லை, ஒரு கதவு இல்லை, உட்கார்ந்து பேச ஓர் ஆள் இல்லை. இரும்பு கேட்டுகளின் வரிசை மட்டும். ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாக வரும் பெண்ணுக்கு அந்தத் தெரு எப்படியிருக்கும் என்று விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தைப் பலர் தண்டமாக நினைக்கிறார்கள். தீயணைப்பு வண்டி போக, ஏணி சாய்க்க, புகை வெளியேற இருக்கும் இடம் அது. 2017 மே 31 அதிகாலையில் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கடை தீப்பிடித்தபோது அது ஒரு நாளைக்கு மேல் எரிந்தது. அனுமதித்ததைவிடக் கூடுதலாக மாடிகள் எழுப்பப்பட்ட கட்டடம் அது. வீரர்கள் சுவரை உடைத்து வழி தேடினார்கள். அதிகாலை என்பதால் கடையில் வாடிக்கையாளர் இல்லை. அதே தீ ஒரு தீபாவளிக்கு முந்தைய மாலையில் பிடித்திருந்தால் என்ற கணக்கைப் போட எனக்குத் துணிவில்லை. பின்னர் கட்டடம் முழுவதும் இடிக்கப்பட்டது.

> பெட்டிச் செய்தி: அலங்கோலத்துக்கு எதிராக ஒரு சட்டம்
>
> பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. சுவரில் எழுதுவதும் சுவரொட்டி ஒட்டுவதும் அதன்படி குற்றம்.
>
> நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளில் கட்டடங்களின் அமைப்பையும் அழகையும் பார்ப்பதற்கென்றே குழு இருக்கிறது. ஊட்டியில் பேருந்தைவிட்டு இறங்கியதும் தெரிவது அந்தக் குழு பார்த்த ஊர்தான்.
>
> 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய பேனர் விழுந்து, இருசக்கர வாகனத்தில் வந்த இளம்பெண் லாரிக்கடியில் சிக்கி இறந்தார். சில மாதங்கள் பேனர்கள் குறைந்தன.

திட்டமிட்டால் அழகாகிவிடுமா?

ஒழுங்கான திட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சென்னையின் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் அதைச் சொல்ல விடுவதில்லை.

இரண்டும் அரசு திட்டமிட்டு, வரைபடம் போட்டுக் கட்டியவை. கூவம், அடையாறு கரையோரங்களிலிருந்தும் நகரின் நடுப் பகுதிகளிலிருந்தும் மக்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். வேலை ஓரிடம், பிள்ளைகளின் பள்ளி ஓரிடம், வீடு ஓரிடம். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகள், ஒன்றுக்கொன்று பார்த்துக்கொள்கிற ஜன்னல்கள், லிஃப்ட் நின்றால் குடத்தோடு படியேறும் பெண்கள். எல்லாம் போட்ட திட்டப்படிதான். கண்ணகி நகரில் பிற்பாடு கலைஞர்கள் வந்து சுவர்களில் பிரமாண்டமான ஓவியங்கள் வரைந்தார்கள். ஓவியங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. பேருந்துக்கு நிற்கும் நேரம் குறையவில்லை.

அழகுபடுத்துகிறோம் என்று கிளம்பும்போது முதலில் அகற்றப்படுவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். தியாகராய நகர் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை 2013இல் ஒரு வணிக வளாகத்துக்குள் ஏற்றினார்கள். 2019இல் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. மாலையில் குழந்தைகளோடு அங்கே நடப்பது இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மல்லிகைப் பூக்கூடையும் ரிப்பன் கடையும் தெருவை அசிங்கப்படுத்துகின்றன, பக்கவாட்டு இடத்தை விழுங்கிய எட்டு மாடிக் கடை அசிங்கப்படுத்தவில்லை என்ற பார்வையை நான் ஏற்கமாட்டேன். ரங்கநாதன் தெருவில் மூச்சு முட்டுவதற்குக் காரணம் தரையில் விரித்த கடைகளா, தலைக்கு மேல் அடுக்கிய கடைகளா?

அரசே செய்த மீறல்களுக்கு யார் வரன்முறைக் கட்டணம் கட்டுவது என்பது இன்னொரு கேள்வி. மதுரையில் உலகனேரிக் கண்மாயில் கட்டிய உயர் நீதிமன்றக் கிளைக்கு நீதி கேட்கப் போகிறோம். சென்னையில் லேக் ஏரியா என்று முகவரி எழுதுகிறோம், அங்கே ஏரி இல்லை. குளத்தைத் தூர்த்து அலுவலகம் கட்டிய அரசு, வாய்க்காலை மறித்து வீடு கட்டியவரைப் பார்த்து விரல் நீட்டும்போது அந்த விரலில் வலு இருப்பதில்லை.

காப்பாற்றியவர்களும் இருக்கிறார்கள்

காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் ஊர்களுக்கு எந்த ஆணையமும் மாஸ்டர் பிளான் போடவில்லை. நேரான தெருக்கள், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் வீடுகள், மழைநீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஊருணிகள். சமூகத்துக்குள் இருந்த கட்டுப்பாடே விதியாக இருந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு வேறு முகங்களும் உண்டு, யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதையும் அதுதான் முடிவு செய்தது. பழைய ஊரைப் புகழும்போது இதை விழுங்கிவிடக் கூடாது.

புதுச்சேரிக் கதை இன்னும் அண்மையானது. பிரெஞ்சுப் பகுதியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். தமிழ்ப் பகுதியில் வைசியாள் வீதியின் திண்ணைகளையும் தூண்களையும் இன்டாக் அமைப்பு வீட்டுக்காரர்களோடு சேர்ந்து மீட்டெடுத்தது. 2008இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. ஒரு மொத்தத் தெரு ஒப்புக்கொண்டதால் நடந்தது அது. அதே ஊரில் கடற்கரையோரம் கவனிப்பாரின்றிக் கிடந்த பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பழைய படங்களைப் பார்த்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த வரைபடம்

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். சென்னைப் பெருநகரின் எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரிந்தது. 2008இல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானின் காலம் 2026 வரை. மூன்றாவது அதற்குப் பிறகு. கோவையின் நிலைமை இன்னும் வேடிக்கை. 1994இல் ஒப்புதல் பெற்ற திட்டத்துக்கு அடுத்த வரைவு வெளிவந்தது 2024இல். நடுவில் ஓடிய முப்பது வருஷத்தில் அவிநாசி சாலை எப்படி மாறியது என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வரைபடம் வரட்டும். அதைவிட முக்கியமானது ஒரு சின்னக் காகிதம், கட்டட நிறைவுச் சான்று. ஒப்புதல் வாங்கிய பிளானின்படிதான் கட்டினீர்களா என்று ஓர் அதிகாரி நேரில் வந்து அளந்து பார்த்துக் கொடுப்பது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், அந்தச் சான்று இல்லாவிட்டால் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடையாது என்றன. இத்தனை ஆண்டுகளில் இரண்டு பிளான் வித்தைக்கு உண்மையில் பயம் காட்டியது அது ஒன்றுதான். கரன்ட் இல்லாத ஃபிளாட்டை யார் வாங்குவார்?

முதலில் மூன்று வீடுகள் வரையுள்ள சிறிய கட்டடங்களுக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். பிறகு அதை எட்டு வீடுகள் வரை உயர்த்தினார்கள். உங்கள் தெருவில் இப்போது எழுந்துகொண்டிருக்கும் கட்டடத்தில் எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பாருங்கள்.